மானுக்கு உப்பு வைத்தும் மான் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவின் தென்கிழக்கு ஒஹையோவில், ஓக் மரமும் ஹிக்கரி மரமும் நிற்கும் மேட்டு நிலத்தில் எங்களுக்கு 11 ஏக்கர் இருக்கிறது. வேட்டைக்காக வாங்கியதல்ல. சமையலறை ஜன்னலில் நின்றபடி வெள்ளைவால் மானைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். முதல் வசந்தத்தில் தீவனக் கடைக்குப் போய் 50 பவுண்டு உப்புக் கட்டி ஒன்றைத் தூக்கிவந்து புல்வெளியின் நடுவில் வைத்தேன். ஜூன் முடியும்வரை ஒரு மானும் எட்டிப் பார்க்கவில்லை. கட்டி வைத்தது வைத்தபடி இருந்தது.

அதற்குப் பிறகு ஆறு வசந்தம் போய்விட்டது. இடம் மாற்றி, உப்பை மாற்றி, மான் வந்தால் தானே படம் எடுக்கக் காட்டில் கட்டிவைத்த கேமராவை மாற்றி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இப்போது டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் நிலம் வாங்கிய நண்பர்கள் படம் அனுப்பி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியையும் கடைசி இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: உங்கள் இடத்தில் இதற்கு அனுமதி உண்டா?

அமெரிக்காவில் மானுக்கு உப்பு வைக்கலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. நியூயார்க்கில் காட்டு மான் நடமாடும் நிலத்தில் உப்புக் கட்டி வைப்பதே தவறு. இல்லினாயில் ஆண்டு முழுவதும் தடை. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 ஜனவரி கடைசியிலிருந்து தடை இருக்கிறது. எங்கள் ஒஹையோவில் பொதுவாகத் தனியார் நிலத்தில் வைக்கலாம். ஆனால் மானைக் கொல்லும் நாள்பட்ட உருக்கு நோய்க்கான (கீழே விவரமாகச் சொல்கிறேன்) கண்காணிப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஹார்டின், மேரியன், வயண்டாட் கவுன்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) பக்கம் தானியம், பழம், உப்பு என எதையும் மானுக்காக வைக்கக் கூடாது.

கடையில் தாராளமாக விற்கிறார்களே என்று எண்ண வேண்டாம். அதே கட்டி மாட்டுக்கும் குதிரைக்கும் விற்கப்படுகிறது. எங்கே வைக்கிறீர்கள், எதற்காக வைக்கிறீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். நோய் புதிதாகத் தெரியவந்த இடங்களில் விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. அதனால் போன வருடம் அனுமதி இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. மாநில வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டு, உங்கள் கவுன்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

தமிழ்நாட்டில் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புள்ளிமானுக்கு உப்பு வைக்க இறங்க வேண்டாம். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ளேயே, இரை வைத்து விலங்கை ஈர்ப்பதும் அடங்கும். அங்கே காட்டு விலங்குக்கு உப்பு வைப்பது வனத்துறையின் வேலை.

"ஒரு மாதம் ஆகிவிட்டது, ஒரு மான்கூட வரவில்லை"

பெரும்பாலும் இடம்தான் காரணம். என் முதல் தவறும் அதுதான். எனக்கு எங்கிருந்து பார்க்க வசதியோ அங்கே வைத்தேனே தவிர, மான் எங்கே நடக்கிறது என்று பார்க்கவில்லை. வெறும் உப்புக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. மைல் கணக்கில் மோப்பம் பிடித்து மான் வந்து சேராது. அது தினமும் போகிற வழியில் இருந்தால் ஒருநாள் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கும். அப்புறம்தான் பழக்கமாகும்.

ஆகவே கட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் இன்னும் நல்லது, குளம்புத் தடம் தெளிவாகத் தெரியும். இலைச்சருகு மிதிபட்டு ஒற்றையடிப் பாதையாகத் தெரிகிற இடம், புழுக்கை விழுந்து கிடக்கிற இடம், வேலிக் கம்பிக்கு அடியில் நுழைந்து போன இடத்தில் ஒட்டியிருக்கும் முடி, இவற்றைத் தேடுங்கள். இரண்டு பாதைகள் கூடுகிற இடம் கிடைத்தால், காட்டின் ஓரத்துக்குச் சற்று உள்ளே, மரநிழலில், அதற்குப் பத்திருபது அடி தள்ளி வையுங்கள். பாதையின் மேலேயே வைக்க வேண்டாம். புதிதாக ஒரு பொருள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தால், வயதான பெண் மான் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்விடும், குட்டிகளும் அதன் பின்னாலேயே போய்விடும்.

இடம் சரிதான், ஆனாலும் வரவில்லை என்றால் என்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். தீவனக் கடையில் கட்டிகள் பல நிறங்களில் அடுக்கியிருக்கும். வெள்ளை என்றால் வெறும் உப்பு. செங்கல் நிறமாக இருப்பது தாது உப்பு, அதில் துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், அயோடின் போன்றவை சிறிதளவு சேர்ந்திருக்கும், ஆனால் அதிலும் மிகப் பெரும்பகுதி உப்புதான். நீலத்தில் கோபால்ட் இருக்கும். மஞ்சள் என்றால் கந்தகம் கலந்தது. ஜார்ஜியா நண்பர் ஒருவர் இரண்டு மாதம் காத்திருந்தது மஞ்சள் கட்டி ஒன்றுக்காக. அதை எடுத்துவிட்டு வெள்ளை உப்பைப் போடச் சொன்னேன். மூன்றாம் வாரம் பெண் மான் ஒன்று வந்த படம் அனுப்பினார்.

சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் நிறைய இருக்கிறது என்று அச்சிட்டு, கொம்பு வைத்த பெரிய மானின் படத்தோடு விற்கிற விலையுயர்ந்த பைகளையும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். உப்பின் அளவு மிகக் குறைவாக இருந்தால் மான் அதைத் தொடாமல் போகலாம். மானை அழைத்துவருவது சோடியம்தான். மற்றச் சத்துகளெல்லாம் அந்த உப்பின் ருசியோடு உள்ளே போக வேண்டியவை.

அதற்குக் காரணம் இருக்கிறது. வசந்தத்தில் முளைக்கும் இளந்தளிரில் தண்ணீரும் பொட்டாசியமும் அதிகம், சோடியம் மிகக் குறைவு. அதை வயிறு நிறையத் தின்கிற மான் பொட்டாசியத்தை வெளியேற்றும்போது உடம்பில் இருக்கும் கொஞ்சம் சோடியமும் கூடவே போகிறது. அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை மானுக்கு உப்புப் பசி எடுக்கும். என் அம்மா இங்கே வந்திருந்தபோது, கேமராவில் மான் மண்ணை நக்குவதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மாடு சுவத்தை நக்குமே, அதேதான். உப்பு பத்தலை" என்றார். நீலகிரியில் படகர்கள் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். தழை தின்று வாழும் எந்த விலங்குக்கும் இந்தத் தேவை உண்டு.

நாங்கள் இருக்கும் பகுதியின் வரலாறே இந்தப் பசியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. எங்களுக்குத் தெற்கே இருக்கும் ஜாக்சன் நகரம் எழுந்தது சயோட்டோ உப்பு ஊற்றுகளின் மேல். காட்டெருமையும் மானும் உப்பு நக்க வந்த வழிகளில் ஷானி என்ற பூர்வகுடி மக்கள் வந்து உப்புக் காய்ச்சினார்கள். 1802இல் ஒஹையோ மாநிலமாக வழிவிட்ட சட்டத்திலேயே அந்த ஊற்றுகளைப் புது மாநிலத்துக்கென்று தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். கென்டக்கியின் புளூ லிக்ஸ், இந்தியானாவின் பிரெஞ்ச் லிக் என்று பெயரில் 'லிக்' வருகிற ஊர்களெல்லாம் விலங்குகள் மண்ணை நக்கிய இடங்கள்தாம்.

சரி, இடமும் உப்பும் பருவமும் பொருந்தியும் வரவில்லை என்றால், வைத்த முறையை மாற்றுங்கள். கட்டியைப் புல்மேல் அப்படியே வைத்தால் அது ஒரு கல். மண்ணில் கலந்தால்தான் மானுக்குப் புரியும். மூன்றடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் அகற்றி, மண்வெட்டியால் அரையடி ஆழம் கொத்திவிடுங்கள். தூளாக விற்கும் கால்நடை உப்பு பத்துப் பதினைந்து பவுண்டு போட்டு மண்ணோடு புரட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கட்டி வைப்பதானால் அதன் மேலேயே வையுங்கள். களிமண் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் நிலமானால் மழையோடு உப்பு கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் உளுத்துப்போன பழைய மரக்கட்டை ஒன்றின் தலையில் உப்பைக் கொட்டினால் மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எங்கள் இரண்டாவது இடம் அப்படி ஒரு ஓக் கட்டைதான். மூன்றாம் வருடம் மான்கள் அந்தக் கட்டையைப் பாதி தின்றே விட்டன.

பிறகு காத்திருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் இதைச் செய்துவிட்டால் பனி உருகி உப்பு மண்ணில் இறங்கி, ஏப்ரலில் எல்லாம் தயாராக இருக்கும். மே மாதம் வைத்துவிட்டு ஜூனில் கவலைப்படுவது கொஞ்சம் அவசரம்.

"கட்டியைத் தொடவே இல்லை, சுற்றியுள்ள மண்ணைத்தான் தோண்டியிருக்கிறது"

இதில் எந்தக் கோளாறும் இல்லை. நன்றாகவே நடக்கிறது. கரைந்து இறங்கிய உப்பு கலந்த ஈரமண் மானுக்குக் கட்டியைவிடப் பிடிக்கும். கட்டியை நகர்த்தாதீர்கள், புதிது வாங்காதீர்கள்.

"மண் தோண்டிக் கிடக்கிறது, கேமராவில் ஒன்றும் இல்லை"

கேமராவைச் சந்தேகப்படுவதற்கு முன் தடத்தைப் பாருங்கள். இரண்டு பிளவாக, இதய வடிவில் முன்பக்கம் கூர்ந்திருந்தால் மான். குழந்தையின் கை பதிந்ததுபோல் ஐந்து விரல் தெரிந்தால் ரக்கூன், இரவில் தீனி தேடித் திரியும் சிறு விலங்கு. மான்தான் என்றால் கேமரா வைத்த விதத்தில் பிழை.

கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் விடியலிலும் அந்தியிலும் சூரியன் நேராக லென்சில் அடித்துப் படம் வெளுத்துவிடும். மான் நடமாட்டம் அதிகமாக இருப்பதும் அதே நேரத்தில்தான். வடக்கே பார்த்து வையுங்கள். இடுப்பு உயரம், பன்னிரண்டு பதினைந்து அடி தூரம் போதும். வெப்பத்தை உணர்ந்து இயங்கும் சாதனம் என்பதால், கோடை நண்பகலில் காற்றும் தரையும் மானின் உடல்சூட்டுக்கு நெருங்கி வரும்போது அது சில நேரம் ஏமாறும், அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. முன்னால் ஆடும் புல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் நாலாயிரம் புல் படம் எடுத்து என் மெமரி கார்டு நிரம்பி, மான் வந்த நாளில் கேமரா படுத்துவிட்டது.

"மானைவிட மற்றதெல்லாம் வருகிறது"

இனிப்பு வாசனை சேர்த்த பொருளை வாங்கியிருப்பீர்கள். வெல்லப்பாகு, ஆப்பிள் மணம், சோளத்தூள் கலந்தவை ரக்கூனை முதலில் அழைக்கும், டெக்சாஸ் பக்கம் என்றால் காட்டுப்பன்றியையும். பன்றி ஒருமுறை பழகிவிட்டால் அந்த இடத்தை மான் விட்டுவிடும். இனிப்பும் தானியமும் இல்லாத வெறும் உப்புக்கும் தாது உப்புக்கும் மாறுங்கள். பழைய இடத்திலேயே போடாமல் நூறடியாவது தள்ளிப் புதிதாகத் தொடங்குங்கள். ஈரமாகக் கிடக்கும் தானியக் கலவையில் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு வான்கோழி முதல் மான் வரை எல்லாவற்றுக்கும் கெடுதல். இனிப்புப் பைகளை நான் வேண்டாம் என்பதற்கு அதுவும் காரணம்.

பக்கத்து நிலத்தில் செம்மறியாடு மேய்ந்து வேலி தாண்டி வருமானால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். தாமிரம் சேர்ந்த கட்டி செம்மறிக்கு விஷம். மாட்டுக்கும் மானுக்கும் ஒத்துப்போகிற அளவு அதன் கல்லீரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கொன்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளைக் கட்டி மட்டும் வையுங்கள்.

வீட்டு நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். உப்பை நிறைய நக்கிவிட்டால் வாந்தியில் தொடங்கி வலிப்பு வரை போகும். நாய் நக்கிவிட்டது என்று தெரிந்தால் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

"பெண் மான்தான் வருகிறது, கொம்பு வைத்ததைக் காணோம்"

மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பெண் மானுக்குத்தான் உப்பின் தேவை மிக அதிகம். பாலோடு சோடியமும் கால்சியமும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அவை கூட்டமாக வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அந்தப் பருவத்தில் ஆண்கள் தனியே சிறு குழுவாக, பெரும்பாலும் வேறு பகுதியில் சுற்றும். நிலம் பெரிதாக இருந்தால் அடர்ந்த ஒதுக்குப்புறத்தில் இரண்டாவது இடம் ஒன்று செய்து பார்க்கலாம். எங்களைப்போல் பத்துப் பதினோரு ஏக்கர்தான் என்றால், வருவதைப் பார்த்து மகிழுங்கள். தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றபடி மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்முகிற புள்ளிக் குட்டியைவிட அழகான படம் என் கேமராவில் இன்றுவரை விழவில்லை.

"ராத்திரியில் மட்டும் வருகிறது"

நீங்கள் அடிக்கடி போகிறீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கார்டை எடுக்கப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கும் இதே கதைதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தேன். நண்பகலில் போனேன். காற்று என்மேல் பட்டு மான் படுக்கிற பக்கம் வீசாத நாளாகப் பார்த்தேன். ஆகஸ்டில் பகல் வெளிச்சத்தில் வர ஆரம்பித்தன.

இன்னொரு காரணம் திறந்தவெளி. நாற்புறமும் வெட்டவெளியாக இருந்தால் மான் இருட்டும்வரை காட்டோரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

"கோடை முழுக்க வந்தது, அக்டோபரில் நின்றுவிட்டது"

பயப்பட ஒன்றும் இல்லை. ஓக் கொட்டை உதிரத் தொடங்கிவிட்டது. வெள்ளை ஓக்கின் கொட்டை காலடியில் கொட்டிக் கிடக்கும்போது மானுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. தளிரெல்லாம் முற்றிப்போனதால் பொட்டாசியமும் குறைந்து, உப்புப் பசியும் அடங்கியிருக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் கொம்பின் மேல்தோல் உரிந்து கொம்பு வளர்ச்சியும் முடிந்திருக்கும். இந்த மாதங்களில் புதிதாக உப்பைக் கொட்டுவது வீண் செலவு. பல மாநிலங்களில் இது வேட்டைக் காலமும்கூட. அப்போது மண்ணில் மிச்சம் கிடக்கிற உப்பே வழக்கைக் கொண்டுவரலாம்.

"மூன்று வருடம் தாது உப்பு கொடுத்தும் கொம்பு பெரிதாகவில்லை"

பையின் மேலிருக்கும் படத்தை நம்பினால் இப்படித்தான் மனம் நோகும். முற்றிய கொம்பில் ஏறக்குறைய பாதி புரதம், மீதியில் பெரும்பங்கு கால்சியமும் பாஸ்பரசும். கொம்பு வளரும் வேகத்துக்குத் தின்னும் தீனி ஈடுகொடுக்காதபோது, மான் தன் விலா எலும்பிலிருந்தே தாதுவை எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கிறது. பிறகு மெதுவாக அதை ஈடுகட்டிக்கொள்கிறது. ஒரு பிடி உப்பு மண்ணால் இதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கொம்பின் அளவைத் தீர்மானிப்பது வயது, மரபு, நல்ல தீனி. ஒன்றரை வயது ஆண் மானைப் பார்த்துக் கொம்பு சிறிது என்று கவலைப்படாதீர்கள். அது ஐந்து வயதுவரை உயிரோடு இருக்கட்டும்.

மண்ணில் இல்லாத சத்தைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றினால், தாது உப்பு இரண்டு பங்கு, வெறும் கால்நடை உப்பு ஒரு பங்கு, கால்சியமும் பாஸ்பரசும் தரும் டைகால்சியம் பாஸ்பேட் ஒரு பங்கு என்று தீவனக் கடையில் வாங்கி நீங்களே கலக்கலாம். இங்கே பலரும் கையாளும் கலவை இது. படம் போட்ட பையின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

"ஒரே வாரத்தில் கரைந்துவிட்டது, இடமே சேற்றுக்குழி ஆகிவிட்டது"

பள்ளத்தில் வைத்துவிட்டீர்கள். மழைநீர் ஓடிவந்து தேங்குகிற இடம் உப்பு வைக்க ஏற்றதல்ல. உப்பு வழிந்தோடி அருகில் இருக்கும் மரவேர்களைக் கருக்கும், ஓடையில் கலந்தால் தவளைக்கும் மீனுக்கும் கேடு. கிணற்றுக்கும் ஓடைக்கும் நன்றாகத் தள்ளி, சற்று மேடான, ஆனால் சரிவில்லாத இடமாகப் பாருங்கள். விரும்பி வளர்க்கும் மரத்தின் அடியில் வைக்காதீர்கள்.

சேற்றை நான் வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோடைக் கடைசியில் ஈரச்சேற்றில் பெருகும் மிகச் சிறிய கடிபூச்சிகள்தாம் மானுக்கு ரத்தக்கசிவு நோயைக் கொண்டுவருகின்றன. காய்ச்சல் கண்ட மான் தண்ணீரைத் தேடிப் போய் அங்கேயே விழும். நான்காம் வருடம் செப்டம்பரில் எங்கள் குளத்தோரம் பெண் மான் ஒன்று அப்படிக் கிடந்தது. காதில் பழைய கிழிசல் இருந்ததால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு கோடையாக எங்கள் ஓக் கட்டைக்கு வந்துகொண்டிருந்த தாய். வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த நோய் மானிடமிருந்து மானுக்கு நேராகத் தொற்றுவதில்லை, முதல் கடும்பனி விழுந்து பூச்சி செத்ததும் அடங்கிவிடும் என்று வனவிலங்கு அதிகாரி போனில் சொன்னார். அது ஓரளவு ஆறுதலாக இருந்தது. அவரே அடுத்துச் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

"மெலிந்து, எச்சில் வடித்தபடி ஒரு மான் வருகிறது"

இங்கே நிறுத்த வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானதும் இதுதான்.

எலும்பும் தோலுமாக இருக்கிறது, தலையும் காதும் தொங்குகின்றன, எச்சில் ஒழுகுகிறது, கால் தடுமாறுகிறது, மனிதரைப் பார்த்தும் ஓடவில்லை. இவை நாள்பட்ட உருக்கு நோயின் அடையாளங்கள். 1967இல் கொலராடோவில், ஆய்வுக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. 2002இல் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி விஸ்கான்சினிலும், 2020இல் எங்கள் ஒஹையோவின் காட்டு மானிலும் தெரிந்தது. கிருமி என்று சொல்லக்கூட முடியாது. பிரியான் எனப்படும் உருக்குலைந்த புரதம் அது. மருந்தில்லை, தடுப்பூசியில்லை, தொற்றிய மான் பிழைப்பதில்லை. மேலே சொன்ன அடையாளங்கள் தெரிவதற்கே பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை கட்டுமஸ்தாகத் தெரிகிற மான் எச்சிலிலும் சிறுநீரிலும் புழுக்கையிலும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது நாம் செய்து வைத்திருக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பத்து மான் ஒரே பிடி மண்ணில் நாக்கை வைக்கிறது. களிமண் உப்பைப் பிடித்து வைப்பதுபோலவே பிரியானையும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆண்டுக்கணக்கில். விஸ்கான்சினின் நோய்ப் பகுதியில் மான்கள் உப்பு நக்கும் 19 இடங்களில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, 11 இடங்களில் பிரியான் இருந்ததை 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மான் வரட்டும் என்று நாம் கொத்திப் போட்ட மண்ணே நோயைச் சேர்த்து வைக்கும் பாத்திரமாகிவிடலாம்.

அதனால் அப்படி ஒரு மானைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள். படமும் நேரமும் இடமும் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். அன்றைக்கே உப்பிடத்தை மூடுங்கள். இதுவரை மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாகத் தெரியவரவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

அதிகாரி என்னிடம் சொன்னது இதைத்தான். எங்கள் கவுன்டியில் இன்று அந்த நோய் இல்லை, உப்பு வைக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது, ஆனாலும் பத்து மானை ஒரு குழியில் கூட்டுவது தேவையா என்று நீங்களே யோசியுங்கள் என்றார். நான் இரண்டு குளிர்காலம் யோசித்தேன். இரண்டில் ஒரு இடத்தைப் போன வருடம் மூடிவிட்டேன். ஓக் கட்டைக்கும் இந்த வசந்தத்தில் உப்பு போடவில்லை. உங்களுக்கு அருகிலுள்ள கவுன்டியில் நோய் தெரிந்துவிட்டது என்றால் தடை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

"மூடியும் மான் வந்து தோண்டிக்கொண்டே இருக்கிறது"

வரும். கட்டியை எடுத்துவிட்டால் போதாது, மண்ணில் இறங்கிய உப்பு பல வருடம் இருக்கும், மானும் அதை மறக்காது. மிச்சமிருக்கும் கட்டியை அகற்றி, உப்பு ஊறிய மண்ணை ஓரடி ஆழத்துக்காவது மூட வேண்டும். உங்கள் பகுதியில் நோய் இருந்தால் மண்ணைத் தோண்டி வேறெங்கும் கொட்டாதீர்கள், நோயையும் சேர்த்து எடுத்துப் போனதாகிவிடும். இருக்கும் இடத்திலேயே புதுமண் கொட்டி, அதன்மேல் பெரிய கற்களையும் மரத்தண்டுகளையும் குறுக்கும் நெடுக்கும் போட்டு, சுற்றிலும் மான் தாண்டாத உயரத்துக்குக் கம்பி வலை கட்டுங்கள். எட்டடி வேண்டும், அதற்குக் குறைவானால் தாண்டிவிடும்.

மூடிய இடத்துக்குப் பதிலாக, மேட்டின் தென்சரிவில் வெண்குளோவர், சிக்கரி என்ற தீவனச் செடிகளை விதைத்திருக்கிறேன். மான்கள் அங்கே பரவி நின்று மேய்கின்றன, ஒன்றின் வாய்வைத்த இடத்தில் இன்னொன்று வாய்வைப்பது குறைவு. ஜன்னலிலிருந்து கொஞ்சம் தூரம்தான். பழைய பைனாகுலர் ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறோம்.